மயக்கம் வெயிலாலா, மருந்தாலா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவில் இருக்கிறேன், டாக்டர். சந்தையில் மோங் இனத்துப் பாட்டி ஒருவரிடம்தான் பாகற்காயும் நீளக் காராமணியும் வாங்குவேன். லாவோஸிலிருந்து அகதியாக வந்த குடும்பம். போன வாரம் தோட்டத்திலேயே தலைசுற்றி, வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டாராம். முந்தின நாள்தான் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தார்களாம். வீட்டில் 'வெயில்தான்' என்கிறார்கள். அப்படித்தானா?
- ஒரு வாசகி

பதில்: வெயிலாகவும் இருக்கலாம். உங்கள் ஊரில் ஜூலையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் மருந்தடித்த மறுநாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

தலைவலி, குமட்டல், வேர்வை, தளர்ச்சி இரண்டிலும் வரும். ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்தாக இருந்தால் எச்சில் வழியும், கண்ணீர் வடியும், வயிற்றுப்போக்கு போகும், தசை துடிக்கும், மூச்சு இழுக்கும். கண்மணி குண்டூசித் தலை போலச் சுருங்கியிருக்கும். நரம்பின் சேதியை அணைக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை மருந்து முடக்கிவிடுவதுதான் காரணம். குடித்தால்தான் விஷம் என்பதில்லை. ஈர இலையில் கை வைத்துப் பறித்தாலே தோல் வழியாக ஏறும்.

இன்னொன்று, 'வேர்க்கிறதே, அப்போ வெப்பத்தாக்கு இல்லை' என்று நினைக்காதீர்கள். வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வேர்த்தபடியே வெப்பத்தாக்கு வரும். பேச்சு குழறினால் 911ஐ அழைத்து, உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும். மருந்து பட்டிருந்தால் அந்தத் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. கலிபோர்னியாவில் வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு மணிக்கு ஆளுக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரும், 27 டிகிரிக்கு மேல் போனால் நிழலும் முதலாளி தர வேண்டும் என்று விதி உண்டு. இது கூலி ஆளுக்கு. தாத்தா தெளித்து, பாட்டி பறித்து, பேரன் கட்டுக் கட்டும் தோட்டத்தில் யார் முதலாளி? மருந்துப் புட்டியிலும் அபாயச் சொல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் இருக்கும். மோங் மொழிக்கு ரோமன் எழுத்து வந்ததே 1950களில். வயதானவர்களில் பலருக்கு அதுவும் படிக்கத் தெரியாது. நோட்டீஸ் கொடுத்துப் பயனில்லை, கையால் செய்துதான் காட்ட வேண்டும். தெளித்த பிறகு எத்தனை மணி நேரம் வயலில் இறங்கக் கூடாது என்று புட்டியில் இருக்கும். அதைப் பேத்தி படித்துச் சொல்லட்டும். தோட்டத்துச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். மிச்ச மருந்து சோடா பாட்டிலுக்குள் போகவே கூடாது. அந்தத் தவறில் போன குழந்தைகளை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

முதுகில் சிவப்புக் கோடுகள் தெரிந்தால் பதறாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் நாணயத்தாலோ கரண்டியாலோ தேய்ப்பது அவர்கள் வழக்கம். அதை நான் குறை சொல்லமாட்டேன், தேய்த்துவிட்டு வீட்டிலேயே படுத்திருக்காமல் இருந்தால் சரி.

ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு திரும்ப ஏற வாரக்கணக்கில் ஆகும், அதனால் இப்போது பரிசோதித்தாலும் தடயம் கிடைக்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். பேத்தியை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். பாட்டியின் வயிற்றுப்போக்கைப் பேத்தி வாயால் சொல்ல வைத்தால் பாதி மறைந்துபோகும்.