கரை மறைஞ்ச பிறகும் சிக்னல் இருக்குமா? 5ஜி, 6ஜி கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரையில் இருபத்திரண்டு வருஷம் டவர் ஏறி இறங்கியவன் நான். முதலில் ரிக்கர், அதாவது டவரில் ஆன்டெனாவும் கேபிளும் மாட்டுகிறவன், பிறகு சிக்னல் அளக்கிற வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடப்பதால் ஆட்களுக்கும் கேள்வி கேட்க நேரம் கிடைத்திருக்கிறது. வந்ததில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்: அண்ணே, கரையில 5ஜி பறக்குது. கடலுக்குள்ள கொஞ்ச தூரம் போனா கோடு ரெண்டு காட்டுது, ஆனா போன் போக மாட்டேங்குது. 6ஜி வந்தா சரியாயிடுமா?

ஆகாது தம்பி. ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

முதல் தடை பூமியின் வளைவு. டவரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த அலை எத்தனை கிலோமீட்டர் பார்வைக்கோட்டில் போகும் என்று வரும். 40 மீட்டர் டவருக்கு 26 கி.மீ. நீ உன் வல்லத்தில் (நாட்டுப்படகில்) நின்று போனைத் தூக்கிப் பிடித்தால் 3 மீட்டர், அதற்கு 7 கி.மீ. ரெண்டையும் கூட்டினால் 33 கி.மீ., கிட்டத்தட்ட 18 நாட்டிக்கல் மைல். அதற்கப்பால் டவர் கடலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கரை மறைகிற மாதிரியேதான்.

ரெண்டாவது தடை உன் போன். டவரிலிருக்கும் ரேடியோ பத்துக்கணக்கான வாட் சக்தியில் கத்துகிறது. உன் போனால் அதிகபட்சம் 200 மில்லிவாட்டில்தான் பதில் சொல்ல முடியும். டவர் பேசுவது உனக்குக் கேட்கிறது, அதனால் கோடு காட்டுகிறது. நீ பேசுவது டவருக்குக் கேட்பதில்லை. அந்த ரெண்டு கோடு பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது.

மூன்றாவது தடை அலைவரிசை. நம் ஊரில் பெரும்பாலும் 5ஜி ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில். வேகம் அள்ளும், தூரம் போகாது. 700 மெகாஹெர்ட்ஸ் நேர்மாறு. 2022 ஏலத்தில் ரெண்டுமே விற்றன, அந்த வருஷம் அக்டோபர் 1-ல் சேவை தொடங்கியது. ஆகவே எத்தனையாவது ஜி என்று கேட்காதே, எந்தப் பட்டை, டவர் எவ்வளவு உயரம், ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேள். பல டவரில் ஆன்டெனாவை ஊரைப் பார்த்துக் கீழே சாய்த்து வைத்திருப்பார்கள். ஊரில்தான் ரீசார்ஜ் பண்ணுகிற ஆள் அதிகம், மீனுக்கு சிம் கார்டு கிடையாது.

காற்றே இல்லாத வெக்கை நாளில் திடீரென்று அறுபது, எழுபது கி.மீ.க்கு சிக்னல் வருவதைப் பார்த்திருப்பாய். கடல் மேல் காற்று அடுக்கடுக்காக நின்று அலையை ஒரு குழாய் மாதிரி வளைத்துக் கூட்டிப்போகும். அதை நம்பி யாரும் கடலுக்குப் போகக்கூடாது. மறுநாள் இருக்காது.

தனுஷ்கோடி, சங்குக் கடைக்காரர்: அரிச்சல்முனையில நின்னா இலங்கை நெட்வொர்க் வருது, காசு போயிடுது. ஆனா மணி மட்டும் மாற மாட்டேங்குது, ஏன்?

தலைமன்னார் உங்கள் கண்ணுக்கு நேரே சுமார் 30 கி.மீ. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், அந்தக் கரை டவர் உங்கள் போனுக்கு எட்டும் தூரம்தான். மணி மாறாததற்குக் காரணம், 2006 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று.

அமைப்பில் போய் நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்தி, உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள். டேட்டா ரோமிங்கை அணையுங்கள். கடைக்கு வருகிற சுற்றுலாக்காரருக்கும் சொல்லுங்கள், ஒரு சங்கு கூடுதலாக விற்கும்.

தங்கச்சிமடம், விசைப்படகு ஓட்டுநர்: இனிமே போன்ல நேரா சாட்டிலைட் வருமாம்ல? வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டைக் கழட்டிடலாமா?

கழட்டாதீங்க.

செய்தி உண்மைதான். சாதாரணப் போனும் செயற்கைக்கோளும் நேரடியாகப் பேசுவதற்கான விதிமுறையை 5ஜி தரவிதித் தொகுப்பின் பதினேழாம் பதிப்பிலேயே (2022-ல் முடித்தது) சேர்த்துவிட்டார்கள். 6ஜியில் அது ஒட்டுப்போட்ட துணியாக இல்லாமல் ஆரம்பத்திலேயே நெய்து வரும். பழைய தகவல்தொடர்புக் கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. புதிதாக விடுகிறவை 500, 600 கி.மீ.யில் ஓடுகின்றன. அதனால்தான் 200 மில்லிவாட் போனின் குரல் அங்கே எட்டுகிறது. எட்டுவது முதலில் குறுஞ்செய்தி அளவுக்குத்தான். நடுக்கடலில் படம் பார்க்கிற கனவை இப்போதைக்கு மடித்து வையுங்கள்.

நம் கடற்கரைக்கு இந்தப் பேச்சு எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்பது என் கட்சி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரிப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தது. நடுவில் அதைக் கொண்டுபோக ஒன்றுமில்லை. எத்தனை ஜி வேகம் இருந்தாலும் அன்றைக்கு அந்த இடைவெளியை அடைத்திருக்காது. அதற்குப் பிறகுதான் 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கிப் போனுக்குக் கொடுக்கும், ஆனால் நாம் பதில் பேச முடியாது. அடுத்த படியாக, இருபக்கமும் செய்தி போகிற டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். அதில் ஆபத்துப் பொத்தான் இருக்கிறது, எல்லை நெருங்கினால் எச்சரிக்கிறது. உங்கள் படகில் இருந்தால் ஒயரைக் கழற்றி வைக்காதீர்கள். எத்தனை படகில் அதைச் சாக்குப்பையால் மூடி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வி.எச்.எஃப்.பின் 16-ஆம் சேனல் வேறு ரகம். நீங்கள் ஒரு தடவை கூப்பிட்டால் பக்கத்துப் படகு, கப்பல், கடலோரக் காவல்படை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். போனில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும், அவரும் தூங்கிக்கொண்டிருப்பார். கோடு இருக்கிற இடத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

ஒரு எச்சரிக்கை. வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்தார் என்று துரையா, இரிடியம் சாட்டிலைட் போன் எதையும் படகில் வைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். கடலில் பிடிபட்டால் விளக்கம் சொல்லி முடியாது.

கீழக்கரை, ஒரு லாத்தா (அக்கா): தம்பி, 5ஜி போன் வாங்கிட்டோம். துபாய்ல இருக்கவங்க கூட பேசுனா இன்னமும் படம் நிக்குது.

லாத்தா, 5ஜி மாற்றியது உங்கள் வீட்டிலிருந்து டவர் வரைக்குமான ஒரு கிலோமீட்டரை. மீதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலடிக் கேபிளில் போகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ரெண்டு லட்சம் கி.மீ. ஓடும். சுற்றி வளைத்து 4,000 கி.மீ. என்று வைத்தாலும் போக 20 மில்லி செகண்ட்தான். ஆகவே தூரத்தைக் குறை சொல்ல முடியாது.

காரணம் வேறு இடத்தில் இருக்கலாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சுக்கே அனுமதி இல்லை. அவர்கள் அனுமதித்த செயலியில்தான் பேச வேண்டும். வேறு வழியில் சுற்றிப் பேசினால் படம் நிற்கத்தான் செய்யும். பத்தாவது ஜி வந்தாலும் அது சட்டம், அலை அதை மாற்றாது. அந்தப் பக்கம் அவர் எட்டுப் பேர் தங்குகிற அறையில் ஒரே வைஃபையில் இருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தொண்டி: 5ஜி போட்டா சார்ஜ் சாயங்காலத்துக்குள்ள தீருது.

சிக்னல் ஓரத்தில் இருக்கிறீர்கள். போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது 4ஜியில் பூட்டி வையுங்கள்.

மூக்கையூர்: 5ஜி வந்த பிறகு எங்க ஊர்ல 4ஜி கெட்டுப்போச்சு. வேணும்னே குறைக்கிறாங்களா?

எல்லோரும் இதைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் கைக்குத் தெரிந்த காரணம் வேறு.

ஏர்வாடிப் பக்கம் ஒரு டவர், மூன்று மாசமாகப் புகார். நான் வேலை பார்த்த கம்பெனியில் 'வாடிக்கையாளர் போன் பழுது' என்று எழுதி எழுதி மூடினார்கள். ஒரு நாள் காலையில் ஏறி, ஆன்டெனாவுக்குப் போகிற ஜம்பர் கேபிளின் கனெக்டரைக் கழற்றினேன். திருகு மரை முழுக்கப் பச்சைக் களிம்பு. கவிழ்த்தால் அரை ஸ்பூன் தண்ணீர் கொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அனுப்புகிற சக்தியில் பெரும்பங்கு அந்த உப்புத்தண்ணீரில் முட்டித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கனெக்டருக்கு ரெண்டு வருஷம் முன்பு ரப்பர் டேப் சுற்றியது வேறு யாருமில்லை, நான்தான். மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியதை, இருட்டுகிறது என்று ஒரு சுற்றோடு இறங்கியிருந்தேன்.

உப்புக்காற்று அடிக்கிற கரையில் டவரின் ஆயுள் டேப்பில் இருக்கிறது. 5ஜிக்குப் புதுப்பெட்டி மாட்டும்போது பழைய கேபிளை அசைப்பார்கள், விரிசல் விடும், அடுத்த வாடைக்காற்றில் உப்பு உள்ளே போகும். புகார் கொடுக்கும்போது 'சிக்னல் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தெரு, டவருக்கு எந்தத் திசை, மழைக்குப் பிறகு மோசமா என்று சொல்லுங்கள். ஒரு திசையில் மட்டும் குறைகிறது என்றால் ஏறிப் பார்க்காமல் அவர்களால் மூட முடியாது.

மண்டபம், ஆசிரியை: பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் டவர். பெற்றோர் பயப்படுகிறார்கள். 6ஜி இன்னும் ஆபத்தா?

டீச்சர், பாம்பன் கலங்கரை விளக்கத்தின் அடியில் இரவில் நின்றிருக்கிறீர்களா? வெளிச்சம் தலைக்கு மேலே போகும், காலடி இருட்டாக இருக்கும். ஆன்டெனாவும் அப்படித்தான், அலை பெரும்பாலும் முன்னோக்கிப் போகிறது. இந்த அலைகளுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கிற சக்தி இல்லை. அதிக அளவில் சூடாக்கும், அதனால்தான் வரம்பு வைக்கிறார்கள். சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் நம் நாடு 2012-ல் டவருக்கு விதித்தது. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை 2பி என்ற 'இருக்கலாம்' பிரிவில் வைத்தது உண்மை. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன.

குழந்தையின் உடலுக்கு அதிகம் சேர்வது காதில் ஒட்டிய போனிலிருந்து, அதுவும் சிக்னல் குறைவாக இருக்கும்போது. டவரைத் தூரத் தள்ளினால் போன் இன்னும் உரக்கக் கத்தும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், முயன்று பாருங்கள்.

வாலிநோக்கம், உப்பளத் தொழிலாளி: என் பட்டன் போன் செத்துப்போயிடுமா?

அதிசயம் பாருங்கள், 3ஜி பெரும்பாலும் முதலில் போய்விட்டது, அதற்கு மூத்த 2ஜி சில கம்பெனிகளில் இன்னும் நிற்கிறது. ஆனாலும் அடுத்த போன் வாங்கும்போது 4ஜி பட்டன் போனாக வாங்குங்கள். ஒரே கம்பெனிக்குப் பூட்டியதாக இல்லாவிட்டால் எல்லா கம்பெனியிலும் பேசலாம், பட்டனும் இருக்கும்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: சார், 6ஜி எப்போ வரும்? அதுல புதுசா என்ன?

2030 வாக்கில். ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு 2023-ல் 'ஐ.எம்.டி.-2030' என்ற 6ஜி சட்டகத்தை ஏற்றது. நம் நாடும் அந்த வருஷம் மார்ச்சில் பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டது. எந்த அலைவரிசை என்று உலக நாடுகள் உட்கார்ந்து பேசும் மாநாடு 2027-ல் ஷாங்காயில். பேச்சில் இருப்பவை 7, 15 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டைகள். 3300 மெகாஹெர்ட்ஸே தூரம் போகவில்லை என்றேன், இவை இன்னும் குறுகும். முதல் சில வருஷம் 6ஜி ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இருக்கும், ரோச்மா நகர் மாதிரி மீனவர் ஊரில் இருக்காது.

புதுசு என்று நான் மதிக்கிறது ஒன்று, அலையே கண்ணாக மாறுவது. டவர் விடுகிற அலை பட்டுத் திரும்புவதை வைத்து, போன் இல்லாத பொருளையும் ரேடார் மாதிரி உணரலாம். கவிழ்ந்த வத்தையை (சின்னப் படகை)க் கரைக்குப் பக்கத்தில் கண்டுபிடிக்கலாம். யார் எப்போது வீட்டை விட்டுப் போகிறார் என்றும் பார்க்கலாம். ரெண்டும் ஒரே தொழில்நுட்பம். இடத்தை 1 முதல் 10 சென்டிமீட்டருக்குள் சொல்லும் இலக்கும் வைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டிப் பிடிபடுவது இதனால் நின்றுவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இப்போதே ஜி.பி.எஸ். சில மீட்டர் துல்லியம் தருகிறதே. எல்லைக்கோடு எங்கே என்று தெரியாமலா நம் ஆட்கள் போகிறார்கள்? மீன்பாடு இருக்கிற இடத்துக்குப் போகிறார்கள்.

வேலைக்கு என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். ஆன்டெனா, ஃபைபர் பற்றவைப்பது, லினக்ஸ். மூன்றில் ஒன்றைக் கையால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

திருப்பாலைக்குடி: புயல்ல டவரே சாஞ்சா அப்புறம் எச்சரிக்கை எப்படி வரும்?

வராது. அதனால் முன்னாடியே வரவேண்டும். 2023-ல் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அதுதான் செல் பிராட்காஸ்ட். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக அனுப்பாமல், டவர் தன் எல்லைக்குள் இருக்கிற அத்தனை போனுக்கும் ஒரே கூவலாகக் கூவும். நெரிசலில் சிக்காது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போய்ப் புயல் அலையில் மூழ்கிய ரயிலுக்கு அப்படி ஒரு கூவல் கிடைத்திருந்தால் என்று தனுஷ்கோடி போகும்போதெல்லாம் நினைப்பேன்.

புயலில் டவர் சாய்வதை விட கரண்ட் போய் பேட்டரி தீர்வதுதான் அதிகம். 2018-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல இடத்தில் அதுதான் நடந்தது. உங்கள் ஊர் டவரில் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதா, ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னால் கேட்டு வாங்குங்கள்.

சாயல்குடி: வீட்டுக்கு ஃபைபரா, காத்துல வர்ற 5ஜி பெட்டியா?

ஃபைபர் கிடைத்தால் ஃபைபர். இல்லையென்றால் பெட்டி, மாடியில் டவரைப் பார்த்து.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் ஒரு அக்கா: நாங்க கழுத்தளவு தண்ணில முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறோம். போன் கரையில கிடக்கும். எங்களுக்கு இதுல என்ன இருக்கு?

வேகத்தில் ஒன்றும் இல்லை அக்கா. உங்களுக்கு வேண்டியது காற்றும் நீரோட்டமும் எப்படி இருக்கும் என்ற ஒரு தகவல், போகும் முன். அதை ஹைதராபாதிலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தினமும் தருகிறது. அதற்கு 2ஜியே போதும். காய்ந்த பாசிக்கு வெளியில் என்ன விலை என்று நாலு பேரிடம் கேட்க 4ஜி போதும். கையில் கட்டுகிற சின்னக் கருவி, மூழ்கியவர் மேலே வராவிட்டால் கரைக்குச் சொல்கிற மாதிரி, செய்யலாமா என்று கேட்டீர்கள். தண்ணீருக்கு மேல் செய்யலாம். உப்புத்தண்ணீருக்குள் இந்த ரேடியோ அலை ஒரு சாண் கூடப் போகாது, எந்த ஜி ஆனாலும். அங்கே ஒலிதான் போகும். அதனால் இப்போதைக்கு ஜோடியாகவே முங்குங்கள், ஒருத்தி முங்கினால் ஒருத்தி மேலே.