அப்பா உளறினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. கொத்தனார் வேலை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வெயிலில் உடம்பெல்லாம் வேர்க்குரு. சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. ஃபிரிட்ஜ் தண்ணீரை விட மாட்டேன் என்கிறார். போன வாரம் இடி மழை பெய்த மறுநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது, என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதேதோ உளறினார். உடம்பு கொதித்தது. பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தோம், சாயங்காலம் தெளிந்துவிட்டார். வியர்த்துக்கொண்டே இருந்ததால் அது ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று வீடியோ பார்த்துவிட்டுத் தம்பி சொல்கிறான். பையில் வெங்காயம் வைத்துக்கொண்டால் வெயில் தாக்காதாமே? இடி இடிக்கும்போது மொபைல் வைத்திருக்கலாமா?
- வாசகி, ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: வெங்காயத்தையும் மொபைலையும் அப்புறம் பார்ப்போம். பெற்ற மகளை அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. உங்களை எழுத வைத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமான பயம்.

வெயிலில் வேலை செய்கிறவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, கால் பிடிப்பு வந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு போதும். ஆனால் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, மூளை வரை சூடு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இப்படி ஆகும். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று தம்பி பார்த்த வீடியோ சொல்வது தவறு, ஆபத்தான தவறு. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவருக்குத் தோல் காய்ந்துபோவது உண்டு. உடம்பை வருத்தி வேலை செய்கிறவர் வியர்வையில் நனைந்தபடியே சுருண்டு விழுவார்.

மழை பெய்த மறுநாள்தான் இது நடந்திருக்கிறது, கவனித்தீர்களா? கோடை மழை பெய்ததும் குளிர்ந்துவிட்டது என்று எல்லோரும் அசட்டையாக இருந்துவிடுகிறோம். மறுநாள் காலை வெயில் ஏறியதும் நனைந்த மண்ணிலிருந்து ஈரம் கிளம்பிப் புழுக்கமாகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். புழுக்கத்தில் அது காயாமல் வழிந்து ஓடுகிறது. தண்ணீரும் உப்பும் போகின்றன, சூடு மட்டும் இறங்குவதில்லை.

பாராசிட்டமால் கொடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சலில் மூளையே உடம்புச் சூட்டை உயர்த்தி வைக்கிறது. அதை இறக்கத்தான் அந்த மாத்திரை. வெயிலால் ஏறும் சூட்டில் அது வேலை செய்யாது. ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை, அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மதியம், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவரை எங்கள் மருத்துவமனைக்கு ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். காய்ச்சலும் நடுக்கமும் என்று நினைத்து, இரண்டு மாத்திரை கொடுத்து, கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தார்கள். கம்பளியை எடுத்தபோது என் கைக்கே சூடு அடித்தது. உயிர் பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பழுதாகி மூன்று வாரம் டயாலிசிஸ். தோட்டத்தில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தத் தண்ணீருக்கடியில் அவரை உட்கார வைத்திருந்தால் போதும்.

உங்கள் அப்பா வேலை செய்யும் இடத்திலும் செங்கல் ஊற வைக்கும் தொட்டி இருக்கும். இனி ஒருமுறை உளறினால் ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். அதே நேரம் இன்னொருவர் அவரை நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, தொட்டித் தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். துண்டாலோ அட்டையாலோ விசிறுங்கள். பக்கத்துக் கடையில் ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்குவதுதான் மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும். நினைவு தெளியாதவர் வாயில் மோரோ இளநீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், அளவு குறைந்தும் உளறலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். அதற்காக ஊற்றுகிற தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

மற்றவை. வேர்க்குருவுக்குப் பருத்திச் சட்டையும் இரண்டு வேளைக் குளியலும் போதும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஃபிரிட்ஜ் தண்ணீர் குடிக்கட்டும், ஒன்றும் ஆகாது. வெங்காயம் குழம்புக்கு ஆகட்டும்.

மொபைல் இடியை இழுக்காது. அப்பாவின் வேலையில் நான் பயப்படுவது வேறு. கட்டி முடியாத மாடியில், தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், சிமெண்ட் மூட்டையை மூடிவிட்டு வருகிறேன் என்று நிற்பார்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே இறங்கிவிட வேண்டும். மரத்தடி கூடாது, சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அவர் உடம்பில் மின்சாரம் எதுவும் தங்கியிருக்காது. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். காற்றில் அறுந்து கிடக்கும் மின்கம்பி விஷயம் நேர் எதிர். கிட்டவே போகாமல் 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அப்பா தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், நடந்ததைச் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும். வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை அப்பா வேலைக்குப் போக வேண்டாம். கூலி போகிறதே என்பார், தெரியும். திரும்பப் போகும்போது விடியற்காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மட்டும் வேலை கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.