போட்டோவுல கேஸ்கெட் அளவு சரியா வருமா? ஆப்புக்கு காசு கட்டலாமா?

கேள்வி: பாலக்கோட்டுல பம்ப்செட், டீசல் எஞ்சின் ரிப்பேர் பட்டறை வச்சிருக்கேங்க. பழைய மாடலுக்கு கேஸ்கெட் (ரெண்டு பாகத்துக்கு நடுவுல கசியாம இருக்க வைக்கற ஷீட்) கிடைக்கறதே இல்ல. ஓசூர்ல லேசர் கட்டிங் பண்றவங்க டிஎக்ஸ்எஃப் ஃபைல் (கம்ப்யூட்டர்ல போட்ட அளவு வரைபடம்) கொண்டாந்தா வெட்டித் தரேங்கறாங்க. போட்டோ எடுத்தா அவுட்லைன் போட்டுத் தர்ற ஒரு ஆப் இருக்கு, வருஷ சந்தா கேக்குது. கட்டலாமா?

பதில்: உங்க வேலைக்கு அது வேண்டாம்ங்க. போட்டோவுல பக்கத்துல இருக்கறது பெருசா தெரியும், அதான் பிரச்சினையே. போனை 30 செ.மீ உயரத்துல பிடிச்சு எடுக்கறீங்க, கேஸ்கெட் உக்கார்ற கவரோட (மூடியோட) முகம் டேபிள்ல இருந்து 10 மி.மீ மேல இருக்கு, ஸ்கேல் டேபிள்லயே கிடக்குன்னா 100 மி.மீ உங்களுக்கு 103க்கு மேல காட்டும், அப்புறம் போல்ட் எப்படி ஏறும்?

ஜெராக்ஸ் கடையில இருக்கற ஏ4 ஸ்கேனரே போதும். பழைய கேஸ்கெட்ட வைக்காதீங்க, அது நசுங்கி காய்ஞ்சு அளவு மாறியிருக்கும். கவரையே எண்ணெய் போக துடைச்சு, தட்டை முகம் கண்ணாடிய பாத்த மாதிரி வைங்க, கீறல் விழாம இருக்க அடியில ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தாள்) ஒண்ணு போடுங்க. பக்கத்துல ஸ்டீல் ஸ்கேல நீளவாக்குல ஒரு தடவ, குறுக்க ஒரு தடவ வச்சு ஸ்கேன் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் அளவு ஒண்ணா வருதான்னு தெரிஞ்சுடும். 300 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) போதும், ஒரு புள்ளி 0.085 மி.மீ தான்.

படத்த லிப்ரேகேட்ல, இல்ல ஃப்ரீகேட்ல போட்டு மேலயே கோடு இழுங்க, ரெண்டுமே கம்ப்யூட்டர்ல வரைபடம் போடற இலவச சாஃப்ட்வேர். ஆட்டோ ட்ரேஸ் (சாஃப்ட்வேரே கோடு போடறது) பண்ணா ஓட்டை வட்டமா வராது, நெளிநெளியா நூறு புள்ளியா நிக்கும். ஓட்டைய வெர்னியர்ல அளந்து வட்டமாவே போடுங்க. ஓட்டைக்கு ஓட்டை தூரம் வேணும்னா ரெண்டோட வெளி ஓரத்துக்கு அளந்து ஒரு ஓட்டை விட்டத்த கழிங்க, ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும்.

வெட்டறதுக்கு முன்னாடி 100 சதவீத சைஸ்ல, 'ஃபிட் டு பேஜ்' ஆஃப் பண்ணி பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கவர் மேல வச்சு பாத்தே ஆகணும். கேஸ்கெட் வெட்டப் போற ஷீட் என்னன்னும் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க, ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது, பிவிசி ரெண்டையும் லேசர்ல வைக்கவே கூடாது, புகையும் தூசியும் ஆளுக்கு ஆகாது.

ஏ4ல அடங்காத பெரிய கவர்னு ஆப் எடுத்தே ஆகணும்னா, டிஎக்ஸ்எஃப் எக்ஸ்போர்ட் ட்ரையல்லயே வருதான்னு பாத்து, அளவு தெரிஞ்ச ஏடிஎம் கார்டு (85.6 மி.மீ நீளம்) ஒண்ண எடுத்து சோதிச்சுட்டு கட்டுங்க, யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தா வேண்டாதப்ப மறக்காம கேன்சல் பண்ணிடுங்க. ஏமாத்தினாங்கன்னா 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அது.