ஈடுகட்டுவதா, முறியடிப்பதா?

லிஃப்டில் மறுபக்கம் தொங்கும் எடை கூண்டின் எடையை 'ஈடுகட்டுகிறது' என்று எழுதினீர்கள், திருத்தியவர் 'முறியடிக்கிறது' என்று மாற்றிவிட்டார், எது சரி என்கிறீர்கள். உங்களுடையதுதான் சரி. முறியடித்தால் ஒரு பக்கம் தோற்க வேண்டும். விஷத்தை மருந்து முறிக்கும், அது வேறு கதை. லிஃப்டில் யாரும் தோற்பதில்லை. காலிக் கூண்டின் எடையோடு அது தூக்கக்கூடிய சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து மறுபக்கம் தொங்கவிடுகிறார்கள், அதனால் கூண்டு பாதி நிரம்பியிருக்கும்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகி, மோட்டாருக்குத் தூக்கும் வேலை வெகுவாகக் குறைகிறது. கிணற்றுத் துலாவின் அடிப்பக்கம் கல்லைக் கட்டுவார்களே, அதே தந்திரம்தான்.

ஆனால் ஒன்று, 'ஈடுகட்டு' என்றதும் கொஞ்சம் நஷ்ட வாடை வரும்: போன மாதத் துண்டை இந்த மாதம் ஈடுகட்டுவது, தூங்காத இரவைப் பகலில் ஈடுகட்டுவது. ஒரே நேரத்தில் எதிரெதிராக இழுக்கும் விசைகளுக்கு நான் 'சமன்செய்கிறது' என்றே எழுதுவேன். சந்தேகப்பட்டால் 118-ஆம் குறளைக் காட்டுங்கள், தராசுக்கோலைச் சொல்லும்போது வள்ளுவர் போட்ட சொல்லே 'சமன்செய்து'தான்.