கண்ணைக் கெடுக்கும் என்றார்கள்!

கேள்வி: பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில நாவலின் கடைசிப் பக்கத்தில் 'பாஸ்கர்வில் எழுத்தில் அச்சிடப்பட்டது' என்று போட்டிருக்கிறது. எழுத்துக்கு எதற்கு ஆள் பெயர்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: செதுக்கவைத்தவர் பெயர் அது. ஜான் பாஸ்கர்வில், இங்கிலாந்தில் பர்மிங்காம்காரர். கையெழுத்து கற்றுக்கொடுத்து, கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டி, அப்புறம் அரக்குப் பூச்சுச் சாமான் வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து, அந்தப் பணத்தை 1750 வாக்கில் அச்செழுத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். அவர் ஆசைப்பட்ட மெல்லிய கோடுகள் அன்றைய சொரசொரப்பான காகிதத்தில் சரியாக விழாது. அதனால் வழுவழுப்பான காகிதம் தேடினார், மையைத் தானே தயாரித்தார், அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார். எழுத்துக்காக இவ்வளவும் செய்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1757இல் லத்தீன் கவி வர்ஜிலின் கவிதைகள், 1763இல் கேம்பிரிட்ஜுக்காக பைபிள் என்று வந்தவை இன்றைக்கும் பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் உள்ளூரில் பேர் கிடைக்கவில்லை. கோடு மெல்லிசு, படித்தால் கண் போய்விடும் என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவரிடம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு வேலை செய்தார். எல்லாரும் புகழ்ந்த இன்னொரு எழுத்தான காஸ்லனின் மாதிரித்தாளை எடுத்து, மேலே இருந்த பெயரைக் கிழித்துவிட்டு, 'இதோ பாஸ்கர்வில், குறையைக் காட்டுங்கள்' என்று நீட்ட, அந்த ஆள் எழுத்து எழுத்தாகக் குறை சொல்லிக்கொண்டே போனாராம். 1760இல் இதை பாஸ்கர்வில்லுக்கே கடிதமாக எழுதினார் ஃபிராங்க்ளின்.

கேள்வி: பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சின்ன 'ஜி'யைப் பாருங்கள், கீழ் வளையம் மூடாமல் வாய் திறந்தே இருக்கும். பெரிய 'க்யூ'வின் வால் பேனாவைச் சுழற்றி இழுத்த மாதிரி நீளும், அது பழைய கையெழுத்து வாத்தியாரின் கை. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் அவர் கூட்டிய வித்தியாசத்தை பின்னால் வந்த எழுத்து வடிவமைப்பாளர்கள், இத்தாலியில் போதோனியும் பிரான்சில் திதோவும், இன்னும் தூரம் கொண்டுபோனார்கள்.

1775இல் பாஸ்கர்வில் இறந்தார். நான்கு வருடத்தில் மனைவி சாரா, எழுத்து வடிவம் செதுக்கிய எஃகு அச்சுகளை பிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷேவுக்கு விற்றார், வால்டேரின் முழுத் தொகுப்பு அவற்றில்தான் அச்சானது. 1923இல் மோனோடைப் நிறுவனம் இந்த எழுத்தைப் புதுப்பித்தது, உங்கள் நாவலில் இருப்பதும் அப்படி மறுபிறவி எடுத்த ஒன்றாகத்தான் இருக்கும். பிரான்சிலேயே தங்கிவிட்ட அசல் எஃகு அச்சுகளை, பாரிஸ் எழுத்து வார்ப்பாளர் சார்ல் பெய்ன்யோ 1953இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்.