தேக்கு வளையம் ஏன் ஒரே அளவா இல்ல?

கேள்வி: அம்மாபேட்டை மரவாடியில தேக்கு அறுக்கறப்ப பாத்தேன், ஒரு வளையம் விரல் அகலம், பக்கத்துலயே ஒண்ணு நூல் மாதிரி. ஏன் சார் அப்படி?
- வாசகர், சேலம்

பதில்: மழைதாங்க முக்கிய காரணம். தேக்கு வெயில் காலத்துல இலையக் கொட்டிட்டு சும்மா நிக்கும், மழை வந்து துளிர்க்கறப்ப முதல்ல பெரிய பெரிய துளையோட புதுக் கட்டை வளக்கும், போகப்போக துளை சின்னதாகி கட்டை இறுகிடும், அந்த ரெண்டும் சேந்ததுதான் ஒரு வளையம். நல்ல மழைன்னா அகலம், 2016 மாதிரி வடகிழக்கு பருவமழை ஏமாத்துன வருஷம்னா குறுகிடும். ஆனா ஒத்த மரத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க, பக்கத்து மரம் நிழல் கட்டினாலும், பூச்சி இலையத் தின்னாலும் வளையம் ஒல்லியாதான் வரும். நடுவுல மழை விட்டு திரும்பப் பெஞ்சா ஒரே வருஷத்துல ரெண்டு கோடு விழுந்து வயசையே தப்பா காட்டும் (மரமும் பொய் சொல்லும்!). அதனால பல மரத்த ஒப்பிட்டுத்தான் கணக்கு போடுவாங்க. இத ஒரு துறையா வளத்தவரு அமெரிக்காவுல டக்ளஸ்னு ஒரு வானியல்காரர், சூரியன் மேல தெரியற கரும்புள்ளிங்க கூடிக் குறையற சுழற்சிய மரத்துல தேடப்போனவரு.

ஏற்காட்டு மரத்த வெட்டிப் பாக்கணும்னு கிளம்பிடாதீங்க, பென்சில் தடிமனுக்கு துளை போட்டு உருவினாலே எண்ணிடலாம்.