பேருந்தும் மொழியுரிமையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகன் குடும்பத்துடன் சில மாதங்கள் தங்குவதற்காகக் கலிபோர்னியா வந்திருக்கிறேன். எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இனம், நிறம், தேசியப் பூர்வீகம் ஆகியவற்றின் பேரில் எவரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை என்று பேருந்துக்குள் ஓர் அறிவிப்பு இருப்பதை மருமகள் படித்துச் சொன்னாள். மொழியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையாம். விசாவில் வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்துமா?
– ஒரு வாசகி, சான் ஹோசே

பதில்: பொருந்தும், அம்மா. அந்த அறிவிப்புக்கு அடிப்படை, 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு. மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தத் திட்டத்திலும் அமெரிக்காவில் உள்ள எவரையும் இனம், நிறம், தேசியப் பூர்வீகம் காரணமாக விலக்கக் கூடாது என்று அது விதிக்கிறது. குடிமக்கள் என்று அது சொல்லவில்லை; எவரையும் என்றே சொல்கிறது. நகரப் பேருந்து, ரயில் நிறுவனங்கள் பெரும்பாலும் மத்திய நிதியைப் பெறுபவை என்பதால், உங்கள் விசா எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

மொழி இதற்குள் வந்தது ஒரு பள்ளிக்கூட வழக்கின் வழியாக. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீனக் குழந்தைகளை எந்தத் தனி உதவியும் தராமல் ஆங்கில வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடநூலும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. புரியாத மொழியில் மட்டும் சேவை தருவது, ஒருவரை அவருடைய பூர்வீகத்துக்காக ஒதுக்குவதாகவும் அமையக்கூடும் என்ற நிலைப்பாடு அங்கிருந்து வளர்ந்தது.

போக்குவரத்துக்கான நடைமுறையை மத்தியப் போக்குவரத்து நிர்வாகம் 2012-இல் ஒரு சுற்றறிக்கையில் வகுத்தது. ஆங்கிலம் போதிய அளவு தெரியாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள், அந்தச் சேவை அவர்களுக்கு எவ்வளவு இன்றியமையாதது, நிறுவனத்திடம் என்ன வசதி இருக்கிறது என்ற நான்கையும் எடைபோட்டே உதவியைத் திட்டமிட வேண்டும். சேவை பெறும் மக்கள்தொகையில் ஒரு மொழிக்குழு 5 விழுக்காடு அல்லது 1,000 பேர், இவற்றில் எது குறைவோ அந்த அளவை எட்டினால், முக்கிய ஆவணங்களை அம்மொழியில் எழுத்து வடிவில் தருவது கடமையை நிறைவேற்றியதற்கு வலுவான சான்றாகக் கொள்ளப்படும்.

தமிழுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. கணக்கெடுப்பில் ஆங்கிலத்தை ‘மிக நன்றாக’ப் பேசுவதாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பணிக்காகக் குடியேறிய தமிழர்களில் பலர் அப்படிச் சொல்பவர்களே; எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற பெற்றோர்தாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் சமூக ஆய்வின் படிவம் உங்கள் மகன் வீட்டுக்கு வந்தால், இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்கும் எல்லோரையும் அதில் சேர்க்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். ‘அம்மா ஊருக்குத் திரும்பிவிடுவார்’ என்று விட்டுவிடும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தமிழர் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறார்.

எண்ணிக்கை எட்டாவிட்டாலும் வாய்மொழி உதவிக்கான கடமை மறைந்துவிடுவதில்லை. அந்த அளவுகோல் எழுத்து மொழிபெயர்ப்புக்கு மட்டுமே உரியது. பல நிறுவனங்கள் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து ‘தமிழ்’ என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள். மூட்டுவலியால் நடக்க இயலாதவர்களுக்கான சிறப்பு ஊர்திக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குச் செல்ல நேர்ந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பாட்டியின் உடல்நிலையைப் பத்து வயதுப் பேத்தி அதிகாரிக்கு விளக்கும்படி விடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கேள்வி: 2025-இல் ஆங்கிலமே அதிகாரபூர்வ மொழி என்று அதிபர் ஆணையிட்டுவிட்டாரே, இவையெல்லாம் இன்னும் செல்லுமா?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: மொழி உதவித் திட்டம் வகுக்கும்படி 2000-ஆம் ஆண்டில் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணையை, 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை நீக்கிவிட்டது. ஆயினும் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது; அதை ஆணையால் நீக்க முடியாது. ஏற்கெனவே வழங்கிவரும் சேவையை நிறுத்தும்படியும் புதிய ஆணை கட்டாயப்படுத்தவில்லை. மேலிருந்து வந்த வற்புறுத்தல் தளர்ந்திருப்பது மெய்தான். ஆகவே உள்ளூர் விதிகளின் மதிப்பு கூடியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2001-லேயே தனக்கென மொழி உதவிச் சட்டம் இயற்றிக்கொண்டது.

கேள்வி: எங்கள் பகுதியின் பேருந்துத் தடத்தை நிறுத்தப் போகிறார்களாம். கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. முறையிட்டால் பயன் உண்டா?
– ஒரு வாசகி, ஓக்லாந்து

பதில்: உங்கள் ஊரே அதற்குச் சான்று. ஓக்லாந்து விமான நிலைய இணைப்பு ரயிலைத் திட்டமிட்ட, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ரயில் நிறுவனமான பார்ட், அதன் கட்டணமும் சேவையும் ஏழைகளையும் சிறுபான்மையினரையும் எவ்வாறு பாதிக்கும் என்று முறையாக ஆராயவில்லை எனச் சமூக அமைப்புகள் 2009-இல் மத்தியப் போக்குவரத்து நிர்வாகத்திடம் முறையிட்டன. நிர்வாகம் 2010-இல் அத்திட்டத்துக்கான 7 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. ரயில் பாதை பின்னர் வேறு நிதியில் கட்டப்பட்டு 2014-இல் திறக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முறையீடு திட்டத்தை நிறுத்தவில்லை, ஆனால் ஆராயாமல் நடந்தால் பணம் போகும் என்பதை மற்ற நிறுவனங்களுக்கும் உணர்த்தியது.

நீதிமன்றத்தை நாடுவதில் ஒரு தடை இருக்கிறது. ஆறாம் பிரிவின் கீழ், வேண்டுமென்றே காட்டிய பாகுபாட்டுக்கு மட்டுமே தனிமனிதர் வழக்குத் தொடுக்க முடியும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சாண்டோவல் வழக்கில் முடிவு செய்தது. எனவே மத்தியப் போக்குவரத்து நிர்வாகத்திடம் தரும் எழுத்து முறையீடே உங்கள் கையில் உள்ள முதன்மையான கருவி. சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். தேதி, தட எண், அறிவிப்பின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து, தடம் நின்றால் மருத்துவமனைக்கும் வேலைக்கும் எவரெவர் எப்படிப் போக முடியாமல் போகும் என்பதை எழுதுங்கள். கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்றால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற கோரிக்கையை இன்றே அனுப்பி, அனுப்பியதற்கான நகலை வைத்துக்கொள்ளுங்கள்.